நாற்காலிக்குச் சொன்ன விலை

கால் ஆடுகிற, முதுகுப் பலகையில் கம்பி கட்டிய ஒரு மர நாற்காலியின் மதிப்பு பன்னிரண்டு லட்சம் என்று என் அப்பா எழுதினார். எழுதியதும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. எதிராளி இறக்கிக் கேட்டால் அடித்துத் திருத்த வசதியாகக் காதில் செருகிக்கொண்டார். எதிராளி நான்தான்.

"அப்பா, இது விக்கிறதுக்கான தாள் இல்ல. இரவல் படிவம். கண்காட்சியில நாற்காலிக்கு ஏதாவது ஆச்சுன்னா காப்பீட்டுக் கம்பெனி எவ்வளவு குடுக்கணும்னு எழுதற கட்டம்."

"ஆக, ஒருத்தன் எனக்குக் காசு குடுப்பான்."

"ஒடைஞ்சா குடுப்பான்."

"அப்ப இப்பவே ஒடைச்சுக் குடுத்துடவா?"

பூட்டுக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பன்னெண்டு லட்சத்துக்கு அவ என்ன சிம்மாசனமா கேட்டா? அதுல மூட்டைப்பூச்சி இருக்கறத அந்தத் தாள்ல எழுதினீங்களா?"

தப்பு என்னுடையது. எங்கள் கடைத்தெருவில் 'மதிப்பு' என்று ஒரு கட்டம் போட்ட தாளை யாரிடமும் நீட்டக் கூடாது. நீட்டினால் அங்கே ஒரு தொகை வரும். அது பேச்சைத் தொடங்கி வைப்பதற்கான தொகை. கலைக்கூடத்தில் பதினோரு வருடம் குப்பை கொட்டியதில் எனக்கு அது மறந்துபோயிருந்தது.

அந்தப் பதினோரு வருடமும் நாங்கள் செய்தது ஒரே வகைக் கண்காட்சி. பெரிய வெள்ளை அறை. நடுவில் வெள்ளைப் பீடம். பீடத்தின் மேல் எங்கோ தொலைவிலிருந்து பஞ்சுப் பொதிக்குள் வந்த ஒரு நாற்காலி. அறுவைச் சிகிச்சைக்குப் போடுவது போன்ற விளக்கு. சுற்றிலும் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காவலர். 'தொடாதீங்க' என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அவர் பெயரே தொடாதீங்க ஆகிவிட்டது. சுவரில் ஒரு குறிப்பு: 'அமர்தலுக்கும் இருத்தலுக்கும் இடையிலான வெளியை இந்த வடிவம் விசாரிக்கிறது.' எழுதியது நான். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். வந்தவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுல உக்காரலாமா?"

கடைசிக் கண்காட்சிக்கு வந்தவர்கள் முந்நூற்றுப் பதினொரு பேர். அதில் தொண்ணூறு பேர் கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தவர்கள்.

அதன் பிறகுதான் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், இஸ்திரி கலையாதவர். மேசையில் ஒரு கார் நிறுவனத்தின் ஒப்பந்தம் இருந்தது. எங்கள் வடிவமைப்புக் கூடத்தை அவர்கள் வருட வாடகைக்குக் கேட்கிறார்கள். உள்ளே மூன்று கார்களை நிறுத்திவைத்துக் காட்டுவார்கள்.

"உங்களுக்கு ஒரு தடவை குடுக்கறேன்," என்றார். "ஆறு வாரம். நாலாயிரம் பேர் வரணும். வந்தா கூடம் உங்களோடது. வரலைன்னா கையெழுத்துப் போட்டுடுவேன். வெளியூர்ல இருந்து எதையும் வரவழைக்கக் காசு இல்ல. காப்பீட்டுக்கு மொத்தமா ஆறு லட்சம் வரைக்கும் போகலாம். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

ஆறு லட்சத்தில் முன்பு நாங்கள் வரவழைத்த நாற்காலியின் ஒரு கால் வரும். அன்று மாலை பேருந்து கிடைக்காமல் கடைத்தெரு வழியாக நடந்தேன். அப்போதுதான் பார்த்தேன், இருபது வருடமாகப் பார்த்தும் பார்க்காததை: இந்தத் தெருவில் ஒருத்தர்கூட வாங்கிய மாதிரியே இருக்கும் நாற்காலியில் உட்காரவில்லை. சைக்கிள் கடை அண்ணன் இரண்டு கைப்பிடிகளைக் காலாக வளைத்து, மேலே சீட்டைப் பொருத்தி உட்கார்ந்திருந்தார். தராசு பழுதுபார்ப்பவர் பெயிண்ட் டிரம்மின் மேல் சாக்கு மெத்தை போட்டிருந்தார். திறந்தால் உள்ளே எடைக்கற்கள். தையற்காரர் தன் பிளாஸ்டிக் நாற்காலி கிழிந்த இடத்தைச் செப்புக் கம்பியால் தைத்திருந்தார். எண்ணினேன், நாற்பத்தேழு தையல், ஒன்றுக்கொன்று நூலளவு வித்தியாசமில்லை. ஒவ்வொன்றும் ஒரு உடம்புக்கு ஒரு தலை யோசித்துச் செய்தது. இதைவிட வடிவமைப்பு என்று எதைச் சொல்வது?

நாற்பத்தொரு இருக்கைகள் கேட்டேன். நாற்பத்தொரு படிவங்களும் திரும்பி வந்தன. மொத்த மதிப்பு ஒரு கோடியே எண்பத்து மூன்று லட்சம்.

பத்து நாள் பேரம் பேசினேன். ஜவுளிக் கடை வைத்திருக்கும் என் அத்தையை ஊரே 'அரைமுழம்' என்றுதான் கூப்பிடும். அளக்கும்போது முழத்தில் பாதியைக் கை முழுங்கிவிடும் என்று பேச்சு. துணிப் பொதி இரண்டின்மேல் பலகை போட்ட தன் ஆசனத்துக்கு ஏழு லட்சம் எழுதியிருந்தாள்.

"அத்தை, பலகை இருநூறு வருமா?"

"பலகைக்கு இருநூறுதான்டி. அதுல உக்காந்து நான் கழுத்தறுத்த ஆளுங்களுக்கு மிச்சம்."

"ஆறாயிரம்."

"உங்கப்பன் பொண்ணுன்னு காட்டிட்டே பாத்தியா. எட்டு."

"ஏழு. திறப்பு விழாவுல முன்வரிசை."

"பேசிட்டே போறியே, டீ வாங்கிக் குடுக்கணும்னு தோணிச்சா?" என்று கையெழுத்துப் போட்டாள்.

இப்படி ஒவ்வொருவராக இறக்கினேன். கணினியில் ஒரு பட்டியல் போட்டேன். வேறு எந்தக் கலைக்கூடத்தில் இருந்தாலும் மதிப்பு என்று ஒரு பத்திதான் இருக்கும். என் கை பழக்கத்தில் இரண்டு போட்டது: 'சொன்ன விலை', 'படிந்த விலை'. எங்கள் வீட்டில் குழந்தைகள் எண்ணக் கற்றதே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அப்பா மட்டும் படியவில்லை. "பன்னெண்டுன்னா பன்னெண்டு. ஒரு காசு குறையாது." கடைசி நாள் அம்மா படிவத்தைப் பிடுங்கினாள். 'படிந்த விலை: எட்டாயிரம்' என்று எழுதிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். கடையில் எல்லாத் தாளிலும் கையெழுத்து அம்மாதான். அப்பா வாய், அம்மா பேனா. நாற்காலி லாரியில் ஏறும்போது அப்பா அதனோடு நாலடி நடந்தார். அப்புறம், நாலடி நடந்தது யாருக்கும் தெரியக் கூடாது என்று டிரைவரைத் திட்டினார்.

திறப்பு அன்று காலை ஒன்பது மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன்.

ஒவ்வொரு இருக்கைக்கும் பின்னால் சுவரில் நேரடியாக எழுத்து ஒட்டச் சொல்லியிருந்தேன்: என்ன பொருள், எந்தக் கடை, எத்தனை வருடம் உட்கார்ந்தது. மூன்று வரி, புரிகிற தமிழில். அச்சகத்துக்குப் பட்டியலை அனுப்பியது நான், பத்தியைத் தேர்ந்தெடுத்ததும் நான். இருபத்தெட்டு வருடம், பதினாறு வருடம் என்று வரவேண்டிய இடத்தில் உள்ளங்கை அகல எழுத்தில் சொன்ன விலை வந்திருந்தது. 'பெயிண்ட் டிரம், சாக்கு. தராசுக் கடை. நாலு லட்சம்.' 'துணிப் பொதி, பலகை. ஜவுளிக் கடை. ஏழு லட்சம்.' 'மர நாற்காலி, கம்பி. பூட்டுக் கடை. பன்னிரண்டு லட்சம்.'

இயக்குநர் வந்தார். சுவரைப் பார்த்தார். இஸ்திரி முதன்முதலாகக் கலைந்தது.

"இது கலைக்கூடமா, ஏலக் கடையா?"

"பிரிச்சா சுவரோட பெயிண்டும் வந்துடும் சார். திரும்ப அடிச்சு, காஞ்சு, ஒட்ட ஒரு வாரம்."

"கூடத்தை மூடி வச்சுட்டு ஒட்டுங்க."

"ஆறு வாரம்னு சொன்னீங்க. அஞ்சாயிடும்."

"அது உங்க பாடு."

வாசலில் எங்கள் தெரு நின்றுகொண்டிருந்தது. நாற்பத்தொரு கடைக்காரர்கள், இருப்பதிலேயே நல்ல உடுப்பில், குடும்பத்தோடு. இவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அந்தத் தெருவில் நான் எப்படி நடப்பது? கதவைத் திறக்கச் சொன்னேன்.

முதலில் எல்லாரும் சுவரைப் படித்தார்கள். பிறகு சைக்கிள் கடை அண்ணனின் குரல்: "யோவ் தராசு! டிரம்முக்கு நாலு லட்சமா? உள்ள இருக்கற கல்லு தங்கமா?"

"உன் சீட்டுக்கு மூணரை போட்டிருக்கியே, அதுக்கு நீயும் சேந்து வருவியா?"

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. பதினோரு வருடத்தில் அந்த அறையில் யாரும் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. பின்னால் வந்த, தெருவுக்குச் சம்பந்தமில்லாத ஓர் அம்மாள், கையில் காய்கறிப் பையோடு, தையற்காரரின் நாற்காலி முன் நின்றாள். "ரெண்டு லட்சமா? வாய்க்கு வந்தபடியா விலை சொல்றது? முந்நூறு தரேன்."

"தொடாதீங்க," என்றார் தொடாதீங்க.

"உக்காந்து பாக்காம எவன் வாங்குவான்?"

தொடாதீங்க என்னைப் பார்த்தார். இயக்குநரும் என்னைப் பார்த்தார்.  எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்திருந்த ஒன்று தோன்றியது: அந்த அம்மாள் அந்த நாற்காலியைப் பார்த்த மாதிரி எங்கள் பீடத்து நாற்காலியை யாரும் பார்த்ததில்லை. குனிந்து, விரலால் தையலைத் தடவி, காலை ஆட்டிப் பார்த்து, குறை தேடி. வாங்க நினைக்கிறவருக்கு இருக்கிற கண் சும்மா பார்ப்பவருக்கு இல்லை.

"விடுங்கண்ணே," என்றேன். "உக்காரட்டும்."

அவள் உட்கார்ந்தாள். தையற்காரர் ஓடி வந்தார். "முந்நூறா? அம்மா, இந்தத் தையல எண்ணுங்க. நாப்பத்தேழு. இடுப்பு வலிக்கு இந்த இடத்துல இறுக்கி, இந்த இடத்துல தளர்த்தி... சாஞ்சு பாருங்க. வலி தெரியுதா?"

"தெரியல," என்றாள். "ஐந்நூறு."

நான் எழுத நினைத்து, எழுதத் தெரியாமல் 'இருத்தல்' என்று பூசி மெழுகிய குறிப்பை அவர் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். குறை சொன்னால்தான் அந்தக் குறிப்பு வெளியே வரும்.

மத்தியானத்துக்குள் வாசலில் ஒரு பலகை வைத்தேன்: 'பேரம் உண்டு. விற்பனை இல்லை.' கயிறுகளைச் சுருட்டினேன். கடைக்காரர்களுக்கு முறை போட்டேன், நாளுக்கு ஐந்து பேர். தங்கள் இருக்கையின் பக்கத்தில் நிற்க வேண்டும், விலையைக் காக்க வேண்டும், எவ்வளவு கேட்டாலும் விற்கக் கூடாது. முறை இல்லாத நாளிலும் வந்தார்கள். தன் டிரம்முக்குக் கூட்டம் குறைவு என்று தராசுக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

தொடாதீங்க, அமுக்க அமுக்க எண் கூடும் ஒரு பொத்தான் எண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் ஆள் கணக்கு எடுத்தார். மூன்றாவது வாரம் அவர் வாயிலிருந்து, யாரும் கேட்காமலே, "உக்காந்து பாருங்க" என்று வந்தது. சொல்லிவிட்டு, கெட்ட வார்த்தை பேசியவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார்.

ஆனால் நாலாயிரம் என்பது நாலாயிரம். ஐந்தாவது வாரம் கூட்டம் தளர்ந்தது. வரவேண்டியவர்கள் வந்து முடிந்துவிட்டார்கள் போலிருந்தது. முடிவதற்கு நான்கு நாள் இருக்கும்போது எண்ணி மூவாயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் நின்றது. கார் நிறுவனத்து ஆட்கள் இருவர் வந்து கூடத்தை அளந்துவிட்டுப் போனார்கள். போகிற வழியில் ஒருவர் சைக்கிள் சீட்டுக்கு நூறு கேட்டார்.

அன்று அப்பாவின் முறை. அப்பா எல்லாரிடமும் ஒரே பாட்டுத்தான்: "பன்னெண்டு லட்சம். ஒரு காசு குறையாது. குடுக்கறவங்க கண்காட்சி முடிஞ்ச அன்னிக்கே தூக்கிட்டுப் போகலாம்." ஐந்து வாரமாகச் சொன்னார், ஐந்து வாரமாக எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்று மணி வாக்கில் குடை பிடித்த ஒரு பெரியவர் வந்தார். வேறொரு நகரத்தில் சொந்தமாக வடிவமைப்பு அருங்காட்சியகம் கட்டிக்கொண்டிருப்பவர் என்று பிறகு தெரிந்தது. நாற்காலியைச் சுற்றி வந்தார். கம்பிக் கட்டை முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்:

"சரி."

"என்ன சரி?"

"பன்னெண்டு லட்சம். சரி. முடியற அன்னிக்கு அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கறேன்."

அப்பாவுக்கு வேர்த்தது. "நீங்க... இறக்கிக் கேக்கலையே?"

"எதுக்கு? நியாயமான விலை," என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

கடைத்தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. விலை சொன்னபின் எதிராளி சரி என்றால், வாசலில் 'விற்பனை இல்லை' என்று பலகையே இருந்தாலும், பொருள் அவருடையது. பின்வாங்கினால் 'வாய் மாறினவன்' என்ற பெயர் வரும். அப்புறம் கடனுக்கு ஒரு திருகாணிகூடக் கிடைக்காது. அதனால்தான் விற்க மனமில்லாத பொருளுக்கு யாரும் கொடுக்காத விலை சொல்வார்கள். யாரும் கொடுக்காத விலையை ஒருவர் கொடுத்துவிட்டார்.

வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. "பேரம் பேசாம ஒத்துக்கிட்டான். என்ன மனுஷன் இவன்? வளர்ப்பு சரியில்ல."

"பன்னெண்டு லட்சம் வருதேப்பா," என்றேன், சும்மா உரசிப் பார்க்க.

"வந்து? எதுல உக்காந்து எண்றது?"

 அம்மா ரசீதுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ரொம்பச் சாவகாசமாக அடுக்கினால் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

செய்தி அரைமுழம் அத்தையிடம் போனது. அதற்குப்பின் அதைத் தனியாக யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூட்டுக் கடைக்காரர் விற்பாரா, வாய் மாறுவாரா? பக்கத்துத் தெருக்கள், மொத்தச் சந்தை, லாரி நிறுத்தம், எல்லா இடத்திலும் இதே பேச்சு. கடைசி நாளுக்கு முந்தின மாலை எண்ணியில் மூவாயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு. இன்னும் நானூற்று எண்பத்தெட்டு பேர் வேண்டும். ஒரே நாளில் அத்தனை பேர் எங்கள் கட்டடத்துக்கு அதுவரை வந்ததில்லை.

கடைசி நாள் பதினொரு மணிக்கே தெரு அடைத்துக்கொண்டது. சிலர் வேலைக்கு நடுவில் வந்தார்கள், சிலர் வேலையையே விட்டு வந்தார்கள். காய்கறிப் பை அம்மாள் தன் மூன்று சம்பந்திகளோடு வந்து எழுநூறுக்கு ஏற்றிக் கேட்டாள். இருக்கைகள் நாற்பத்தொன்றிலும் ஆட்கள். நாலரைக்குத் தொடாதீங்க கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, எண்ணியை என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். நாலாயிரத்து முந்நூறைத் தாண்டியிருந்தது. அவர் கட்டை விரல் வீங்கியிருந்தது.

இயக்குநர் எண்ணியைப் பார்த்தார். கைப்பையில் இருந்த கார் ஒப்பந்தத்தை இரண்டாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த ஓர் இருக்கையின் காலுக்கு அடியில் செருகினார். அது அப்பாவின் நாற்காலி.

ஐந்து மணிக்குக் குடைக்காரர் வந்தார், வரைவோலையோடு.  அப்பா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது, தலை நிமிர்ந்திருந்தது.

"சொன்ன விலை சொன்ன விலைதான்," என்றார். "எடுத்துக்குங்க."

"இருங்க," என்றாள் அம்மா.

கூட்டம் விலகியது. அம்மா கணக்குப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு நடந்து வந்தாள். "ஏம்மா, அந்தப் படிவத்தை எடு," என்றாள் என்னிடம். எடுத்தேன். "உரிமையாளர் கையெழுத்து யாரோடது? சத்தமாப் படி."

"உன்னோடது."

"முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி நான் இந்தக் கடைக்குக் கணக்கெழுத வந்தேன்," என்று கூட்டத்துக்குச் சொன்னாள். "கல்யாணத்துக்கு முன்னாடி. உக்கார ஒண்ணும் இல்ல. மூடின முடிவெட்டற கடையில என் முதல் சம்பளத்துல இதை வாங்கிப் போட்டேன். ரசீது இருக்கு." புத்தகத்துக்குள்ளிருந்து மஞ்சளாகிப்போன ஒரு துண்டுத் தாளை எடுத்துக் காட்டினாள். "மறுநாள் முதலாளி மகன் வந்து உக்காந்தார். எழுந்திரிப்பார், எழுந்திரிப்பார்னு பாத்தேன். கட்டிக்கிட்டும் பாத்தேன். இன்னும் எழுந்திரிக்கல." குடைக்காரரிடம் திரும்பினாள். "இவர் வாய் மாறல சார். சொன்ன விலைக்கு நிக்கறார். ஆனா இவர் வாடகைக்கு உக்காந்திருக்கறவர். வாடகைக்காரர் விக்க முடியாதே?"

முதலில் சிரித்தது குடைக்காரர்தான். அப்புறம் எழுந்த சத்தத்தில் சுவர் எழுத்துகள் தாமாகவே உரிந்து விழும் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்க உங்க விலையைச் சொல்லுங்கம்மா," என்றார் அவர்.

"நான் இன்னும் யோசிக்கவே இல்லையே," என்றாள் அம்மா. "வேணும்னா எங்க பொண்ணுகிட்ட படிவம் வாங்கி இரவல் கேளுங்க. தெருவையே கேளுங்க. எல்லாரும் வருவாங்க. தராசுக்காரர் மட்டும் முன்வரிசை கேப்பார்."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.  மூச்சு திரும்பியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வாடகைன்னா... நாளுக்கு எவ்வளவு போடறே?"

கூடம் கார்களுக்குப் போகவில்லை. குடைக்காரரின் நகரத்துக்கு அடுத்த வருடம் தெருவோடு போகிறோம். சொன்ன விலைப் பத்தியைத்தான் சுவரில் ஒட்டப்போகிறோம், இந்த முறை வேண்டுமென்றே. அன்றிரவு அறிக்கை எழுத உட்கார்ந்தபோது என் கோப்பில் இருந்தது இது:

பார்வையாளர்கள், நாலாயிரத்து நானூற்று அறுபத்து மூன்று. அதில் கழிப்பறை கேட்டு வந்தவர்கள் இருநூற்றுப் பதினாறு. கழிக்கவில்லை, திரும்பும் வழியில் அவர்களும் பேரம் பேசினார்கள். இருக்கைகள், வந்தது நாற்பத்தொன்று, திரும்பியது நாற்பத்தொன்று. உடைந்தது எதுவுமில்லை, பூட்டுக் கடை நாற்காலியின் ஆட்டம் நின்றிருக்கிறது, கார் ஒப்பந்தம் அடியிலேயே இருப்பதால்.

அதன் கீழே அம்மாவின் கையெழுத்தில், நான் கேட்காமலே சேர்ந்திருந்த ஒரு பதிவு: 'நாற்காலி வாடகை. நாளுக்கு ஒன்று வீதம் முப்பத்தெட்டு வருடம், பதின்மூன்றாயிரத்து எண்ணூற்று எழுபது. கடை விடுமுறை ஞாயிறுகள் கழிவு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு. கம்பி கட்டிய கூலி கழிவு, அவர் கேட்டது ஐந்நூறு, படிந்தது தொண்ணூற்று நான்கு. ஆகத் தர வேண்டியது பதினோராயிரத்து எண்ணூறு. இன்று வரவு, ஒன்று. நிலுவை, பதினோராயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது. நாளையும் உட்காருவார்.'